அடிக்கவில்லை என்றால் டார்ச்சர் இல்லையா?

வாசகர் கடிதம் (சுருக்கியது):

வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். கானாடுகாத்தான் பக்கம் ஓர் ஊரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன். பிறந்த வீடு தேவகோட்டை. கல்யாணமாகி 6 வருடம் ஆகிறது, குழந்தை இல்லை. வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். மாமியார், வீட்டுக்காரரின் அண்ணன் குடும்பம், நான் எல்லாரும் ஒரே வீடு. யாரும் என்னை ஒரு அடி அடித்ததில்லை. ஆனால் உக்கிராண அறைச் சாவி மாமியார் இடுப்பில். அரிசியும் எண்ணெயும் எனக்கு மட்டும் அளந்துதான் வரும். வீட்டுக்காரர் என் கணக்குக்கு அனுப்பும் பணத்தை எடுக்க முடியாது, ஏ.டி.எம். கார்டு அவர் அண்ணனிடம் இருக்கிறது. ஓரகத்தி மகள் வளைகாப்பில் வளையல் தட்டைத் தொட்டதற்கு, ‘நீ கை வைக்காதே, ராசியில்லாத கை’ என்று சபையிலேயே சொன்னார்கள். என் அம்மா சீராகக் கொடுத்த இரண்டு பித்தளை அண்டாவை எனக்குத் தெரியாமல் பழஞ்சாமான்காரரிடம் விற்றுவிட்டார்கள். மகளிர் காவல் நிலையத்தில் ‘டார்ச்சர் செய்கிறார்கள்’ என்று மனு கொடுத்தேன். ‘அடிச்சாங்களா?’ என்று கேட்டார்கள். இல்லை என்றேன். ‘அப்புறம் என்னம்மா டார்ச்சர், மாமியார்னா நாலு வார்த்தை பேசத்தான் செய்வாங்க, சமாதானமாப் போங்க’ என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு விவாகரத்து வேண்டாம். இது டார்ச்சர் இல்லை என்றால் வேறு என்ன? சில நாள் ராத்திரி, இருந்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றுகிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தின் கடைசி வரிக்கு முதலில் வருகிறேன், சட்டம் அப்புறம். ‘இருந்து என்ன’ என்ற நினைப்பு வருகிற ராத்திரியில் தனியாக உட்கார்ந்திருக்காதீர்கள். அம்மாவிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம், காசு கிடையாது. பகலில் ஒருநாள் அரசு மருத்துவமனைக்குப் போய் மருத்துவரைப் பாருங்கள். தூக்கம் வரவில்லை, சோறு இறங்கவில்லை என்பதோடு நிறுத்தாமல், வீட்டில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லுங்கள். வழக்குக்காக இதைச் சொல்லவில்லை, உங்களுக்காகச் சொல்கிறேன். அந்த மருத்துவச் சீட்டு பின்னால் வழக்குக்கும் உதவும் என்பது வேறு விஷயம்.

இனி டார்ச்சர். காரைக்குடியில் என் அலுவலகப் படியேறி வருகிறவர்களில் இந்தச் சொல்லைச் சொல்லாதவர்கள் குறைவு. கடன் கொடுத்தவர் ஃபோனில் டார்ச்சர், மேனேஜர் டார்ச்சர், பக்கத்து வீட்டு ஸ்பீக்கர் டார்ச்சர், பிள்ளை மொபைல் கேட்டு டார்ச்சர். கொசுக்கடிக்கும் அதே சொல்தான். தொந்தரவு, தொல்லை, குடைச்சல், இம்சை, கொடுமை, சித்திரவதை என்று நம்மிடம் படிப்படியாக ஏறும் சொற்கள் இருக்கின்றன. எந்தச் சொல்லைச் சொல்கிறோமோ அதை வைத்து, எந்த அளவுக்கு வலிக்கிறது என்று கேட்பவருக்குப் புரியும். இப்போது எல்லாவற்றுக்கும் டார்ச்சர் ஒன்றே போதும் என்று ஆகிவிட்டது. பேச்சில் இதனால் பெரிய நஷ்டம் இல்லை, சொல்பவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். மனுவில் முகம் தெரியாது. எழுதியிருக்கும் சொல் மட்டும்தான் தெரியும். அந்தச் சொல் காவல் நிலையத்தில் ஒரு நாளில் பத்து முறை காதில் விழுகிற சொல்.

அதனால் ‘அடிச்சாங்களா?’ என்ற கேள்வி வந்தது எனக்கு ஆச்சரியமாக இல்லை. அதற்குப் பிறகு அவர்கள் சொன்னதுதான் தவறு. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 5ஆம் பிரிவில் போலீஸாருக்கு ஒரு கடமை வைத்திருக்கிறது. வீட்டுக் கொடுமை பற்றி ஒரு பெண் வந்து சொன்னால், நீதிமன்றத்தில் என்னென்ன உத்தரவு கேட்கலாம், பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருக்கிறார், இலவச சட்ட உதவி கிடைக்கும், கிரிமினல் புகாரும் கொடுக்கலாம் என்பதையெல்லாம் அவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். ‘சமாதானமாப் போங்க’ என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

உங்களை நேராகப் பாதிக்கிற குழப்பம் இன்னொன்று. ‘கொடுமை’ என்ற ஒரே சொல்லை இரண்டு சட்டங்கள் இரண்டு அளவுகோலால் அளக்கின்றன.

ஒன்று, எல்லாரும் ‘498ஏ’ என்று சொல்கிற பிரிவு. 1983இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்த்தார்கள். 2024 ஜூலை 1 முதல் அதுவே, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 85, 86ஆம் பிரிவுகளாக இருக்கிறது. 3 ஆண்டு வரை சிறை, அபராதம். அதில் கொடுமை என்பது இரண்டு வகை. பெண்ணைத் தற்கொலைக்குத் தள்ளக்கூடிய, அல்லது அவள் உயிருக்கோ உடல்நலத்துக்கோ மனநலத்துக்கோ கடுமையான கேடு விளைவிக்கக்கூடிய நடத்தை ஒரு வகை. நகை, பணம், சொத்து என்று சட்டவிரோதமாக எதையாவது கேட்டு நெருக்குவது இரண்டாவது வகை. கவனியுங்கள், இங்கேயும் அடி கட்டாயமில்லை. ‘மனநலம்’ என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் அளவுகோல் உயரம். வெறும் குத்தல் பேச்சு மட்டும் என்றால் இந்தப் பிரிவுக்குள் கொண்டுவருவது கடினம். உங்களிடம் பேசிய காவலர் மனதில் இருந்தது இந்த ஒரு சட்டம்தான் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, மேலே சொன்ன 2005ஆம் ஆண்டுச் சட்டம். 2006 அக்டோபர் 26இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 3ஆம் பிரிவை ஒரு தடவை பொறுமையாகப் படித்தால், உங்கள் வீட்டைப் பார்த்துவிட்டு எழுதியது போல இருக்கும். உடல் கொடுமை, பாலியல் கொடுமை, சொல்லாலும் மனத்தாலும் செய்யும் கொடுமை, பொருளாதாரக் கொடுமை என்று நான்காகப் பிரித்துச் சொல்கிறது. அவமதிப்பது, கேலி செய்வது, பட்டப்பெயர் வைத்துப் பேசுவது எல்லாம் மூன்றாவதில் வரும். அதிலும் குழந்தை இல்லை என்றோ, ஆண் குழந்தை இல்லை என்றோ குத்திப் பேசுவதைத் தனியாகக் குறிப்பிட்டே சொல்லியிருக்கிறார்கள். ‘ராசியில்லாத கை’ என்று சபையில் சொன்னது இதற்குள் வரும். அந்த வார்த்தையை யாரும் இனி ‘நாலு வார்த்தை’ கணக்கில் சேர்க்க வேண்டாம்.

பொருளாதாரக் கொடுமை என்ற நான்காவது வகையைப் பற்றித்தான் நம் பக்கத்தில் பெண்களுக்கே அதிகம் தெரியாது. சட்டப்படியோ வழக்கப்படியோ அவளுக்கு உரிய பணத்தைக் கையில் வராமல் தடுப்பது, வீட்டுச் செலவுக்குத் தேவையானதைக் கொடுக்காமல் இருப்பது, அவளுடைய சீதனத்தை விற்பது, வீட்டில் அவள் பயன்படுத்த உரிமையுள்ள இடத்தையோ பொருளையோ தடுப்பது எல்லாம் அதில் சேரும். உக்கிராணப் பூட்டு, அளந்து வரும் அரிசி, மைத்துனர் சட்டைப் பையில் இருக்கும் உங்கள் கார்டு, விலைக்குப் போன அண்டா என்று வரிசையாக வைத்துப் பாருங்கள். நீங்கள் மனுவில் ஒரே சொல்லில் அடக்கியதைச் சட்டம் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது.

அந்தப் பிரிவின் கடைசியில் ஒரு விளக்கமும் உண்டு. ஒரு செயல் குடும்ப வன்முறையா இல்லையா என்று முடிவு செய்யும்போது வழக்கின் மொத்தச் சூழலையும் பார்க்க வேண்டும் என்கிறது. சாவியை இடுப்பில் வைத்துக்கொள்வது மட்டும் என்றால் அது வீட்டு நிர்வாகம். பெரிய வீடுகளில் எத்தனையோ மாமியார்கள் அப்படித்தான் இருந்திருக்கிறார்கள், அவர்களில் தங்கமானவர்களும் உண்டு. ஓரகத்திக்குத் திறக்கிற உக்கிராணம் உங்களுக்கு மட்டும் திறக்கவில்லை, மாதக்கணக்காகத் திறக்கவில்லை, கேட்டால் குழந்தைப் பேச்சு வருகிறது என்றால்தான் கதை மாறுகிறது. விவாகரத்து வழக்குகளிலும் இதே பார்வைதான். 2007இல் சமர் கோஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் மனக்கொடுமை பற்றி விரிவாகப் பேசியது. குடும்ப வாழ்க்கையில் அன்றாடம் வரும் சின்னச் சின்ன உரசல்கள் மனக்கொடுமை ஆகாது, தவறான நடத்தை கணிசமான காலம் விடாமல் தொடர்ந்திருக்க வேண்டும் என்று சொன்னது. விவாகரத்து உங்களுக்கு வேண்டாம், தெரியும். ஆனாலும் எது சண்டை, எது கொடுமை என்று யாராவது கேட்டால் இதுதான் பதில். சண்டையில் இரண்டு பேருக்கும் வாய் இருக்கும், இரண்டு நாளில் ஆறிவிடும். கொடுமையில் ஒருவர் கை எப்போதும் மேலே இருக்கும். நடப்பது நடந்துகொண்டே இருக்கும்.

இப்போது உங்கள் மனுவுக்கு வருகிறேன். நகலை அனுப்பியிருந்தீர்கள், படித்தேன். ‘மேற்படி எனது மாமியாரும் கணவரின் அண்ணனும் என்னை அடிக்கடி தகாத வார்த்தைகளால் திட்டி, உடல்ரீதியாகவும் மனரீதியாகவும் துன்புறுத்தி டார்ச்சர் செய்து வருகிறார்கள்.’ இது உங்கள் எழுத்து இல்லை, பணம் வாங்கிக்கொண்டு மனு எழுதிக் கொடுப்பவர்களின் எழுத்து. மாவட்டம் முழுக்க இதே வாக்கியம்தான் சுற்றுகிறது. பெயரை மாற்றினால் யார் வீட்டுக்கும் பொருந்தும், அதனாலேயே எந்த வீட்டையும் காட்டாது.

இதில் ஆபத்தும் இருக்கிறது. ‘உடல்ரீதியாகவும்’ என்று எழுதிவிட்டு, நேரில் கேட்டபோது அடிக்கவில்லை என்று உண்மையைச் சொன்னீர்கள். நாளை கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு சொல்லைத்தான் பிடிப்பார். எங்கே அடித்தார்கள், எந்த ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள் என்று கேட்பார். அடிக்கவில்லை என்பீர்கள். அப்படியானால் மனுவில் எழுதியது பொய்தானே என்பார். நீங்கள் ஆம் என்றால் மீதி உண்மையும் அதோடு அடிபடும். நடந்ததைவிட ஒரு சொல் கூட்டி எழுதியதால் நடந்ததே நம்பப்படாமல் போன வழக்குகள் உண்டு. 2024 டிசம்பரில் தெலங்கானாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையாகவே சொன்னது. யார் என்ன செய்தார் என்று குறிப்பாகச் சொல்லாமல், குடும்பத்தில் உள்ள எல்லார் பெயரையும் பொதுவாகச் சேர்த்துவிடுவதை ஆரம்பத்திலேயே கிள்ளிவிட வேண்டும் என்று சொல்லி அந்த வழக்கை ரத்து செய்தது.

வளைகாப்பு நாளை நீங்கள் கடிதத்தில் எழுதியிருந்த விதம் மனுவைவிட எவ்வளவோ மேல். அதை இன்னும் கொஞ்சம் நிதானமாக எழுதினால் இப்படி வரும்:

‘இன்ன தேதி, காலை பதினொரு மணி இருக்கும். என் ஓரகத்தி மகளுக்கு வளைகாப்பு. வளவில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். என் முறை வந்ததும் வளையல் தட்டை எடுத்தேன். என் மாமியார் “நீ கை வைக்காதே, ராசியில்லாத கை” என்று சொல்லித் தட்டை வாங்கி ஓரகத்தியிடம் கொடுத்தார். ஓரகத்தியின் தங்கையும், சமையலுக்கு வந்திருந்த அம்மாளும் பக்கத்தில் இருந்தார்கள். நான் இரண்டாம் கட்டுக்குப் போய்விட்டேன். மதியம் சாப்பிடவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. அன்று ராத்திரி என் வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினேன்.’

இதில் டார்ச்சர் என்ற சொல் எங்கேயும் இல்லை. தகாத வார்த்தை என்று மூடி மறைக்கவும் இல்லை. சொன்ன வார்த்தை அப்படியே இருக்கிறது. எழுதக் கூசினாலும் அவர்கள் வாயில் வந்ததை அப்படியே எழுதுங்கள், அது உங்கள் வாயில் வந்த வார்த்தை இல்லை. நாள், நேரம், இடம், யார் சொன்னார், யார் கேட்டார், நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதற்கு மேல் எதுவும் வேண்டாம். மாமியார் உங்களுக்கு நல்லது செய்த நாள் ஏதாவது இருந்தால் அதையும் ஒளிக்காதீர்கள். முழுக் கறுப்பாக எழுதியதை யாரும் நம்புவதில்லை, நீதிபதிகள் உட்பட.

ஒரு சாதாரண நோட்டில் எழுத ஆரம்பியுங்கள். நடந்த அன்றைக்கே எழுதுங்கள், பழையதையெல்லாம் ஒரே நாளில் உட்கார்ந்து எழுதித் தேதி போடாதீர்கள். பழைய நினைவுகளைத் தனிப் பக்கத்தில், ‘இன்று நினைவுபடுத்தி எழுதுவது’ என்று சொல்லியே எழுதுங்கள். நோட்டை அந்த வீட்டில் வைக்க வேண்டாம், பக்கங்களை ஃபோனில் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பிவிடுங்கள். வாட்ஸ்அப் செய்திகள், குரல் பதிவுகள் எதையும் அழிக்காதீர்கள். ஃபோனை மாற்றினாலும் பழைய ஃபோனைப் பத்திரமாக வையுங்கள். மின்னணுப் பதிவைக் கோர்ட்டில் வைக்க, பாரதிய சாட்சிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழ் வேண்டும். அது வக்கீல் பார்த்துக்கொள்ளும் வேலை. மூலம் உங்களிடம் இருந்தால் போதும்.

அண்டா விஷயம் சின்ன விஷயம் என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். இல்லை. கல்யாணத்தின்போது பெண்ணுக்கு வந்த நகை, வெள்ளி, பாத்திரம் எல்லாம் பெண்ணுடைய சொத்து. யார் வீட்டு அறையில் இருந்தாலும் சரி, அவர்களிடம் அது ஒப்படைத்த பொருள்தான் என்று 1985இல் பிரதிபா ராணி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதே 1985இல் வரதட்சணைத் தடைச் சட்டத்தின் கீழ் ஒரு விதியும் வந்தது. மணமக்களுக்கு வந்த பரிசுகளைப் பட்டியல் போட்டு, மதிப்பு எழுதி, கொடுத்தவர் பெயர் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஊர் உலகத்தில் இந்த விதியைப் பின்பற்றுகிறவர்கள் மிகக் குறைவு. ஆனால் செட்டிநாட்டில் சட்டம் சொல்லாமலேயே இந்தப் பழக்கம் இருக்கிறது. கல்யாணத்தில் சீர்ச்சாமான் பரப்பும்போது எவர்சில்வர் இத்தனை, பித்தளை இத்தனை, மங்குச் சாமான் இத்தனை என்று எழுதாத வீடு உண்டா? தேவகோட்டையில் உங்கள் அம்மாவின் பீரோவில் அந்த நோட்டு இருக்கும், தேடச் சொல்லுங்கள். கல்யாண ஆல்பத்தில் சாமான் பரப்பிய படமும் இருக்கும். அந்த இரண்டு அண்டாவும் படத்தில் தெரிந்தால் எனக்கு அதுவே பாதி வழக்கு. இந்தப் பக்கத்துப் பழைய பித்தளைக்கும் மங்குக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நல்ல விலை இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். பாக்கி இருக்கிற சாமானையும் நகையையும் விற்கக் கூடாது என்று தடை உத்தரவு கேட்பது அவசரம், அதை முதலில் கேட்போம்.

இன்னொரு பயமும் கடிதத்தில் இருந்தது. ‘இது உன் புருஷன் கட்டின வீடு இல்லை, பங்காளிகள் வீடு, எப்போது வேண்டுமானாலும் வெளியே போகச் சொல்லலாம்’ என்று மைத்துனர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நம் பக்கம் முகப்பு முதல் பின்கட்டு வரை உள்ள வீட்டுக்கு எத்தனை பங்குதாரர் என்று அந்த வீட்டுக்காரர்களுக்கே சரியாகத் தெரியாது. அதனால் இந்த மிரட்டல் இங்கே நன்றாகப் பலிக்கிறது. ஆனால் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, நீங்கள் குடும்பமாக வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து வாழ உங்களுக்கு உரிமை உண்டு. உங்கள் பெயரில் பத்திரம் இருக்க வேண்டியதில்லை. உங்கள் கணவர் பெயரிலும் இருக்க வேண்டியதில்லை. 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அகூஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. மாமனார், மாமியார் பெயரில் உள்ள வீடானாலும் அப்படித்தான். சட்டப்படி கோர்ட் உத்தரவு இல்லாமல் உங்களை வெளியேற்ற முடியாது. இது அசைக்கவே முடியாத உரிமை என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். வயதானவர்கள் நிம்மதியாக வாழும் உரிமையையும் நீதிமன்றம் தராசில் வைத்துப் பார்க்கும். சில வழக்குகளில் வேறு வீடு பார்த்துக் கொடுக்கச் சொல்லி உத்தரவு வரும்.

மாமியார் மேல் பெண் என்பதால் வழக்குப் போட முடியாது என்று யாரோ சொன்னார்களாம். 2016இலேயே அந்தச் சந்தேகம் தீர்ந்துவிட்டது, போடலாம். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருப்பதும் தடை இல்லை, நோட்டீஸ் போய்ச் சேர நாள் கூடும், அவ்வளவுதான். அவரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். குரல் பதிவு அனுப்பினீர்களே, என்ன பதில் சொன்னார்? அவர் உங்கள் பக்கமா, அம்மா பக்கமா, எந்தப் பக்கமும் இல்லாமல் ஃபோனை வைத்துவிடுகிறவரா என்பதைப் பொறுத்து நாம் கேட்கப்போவது மாறும். அடுத்த தடவை பேசும்போது ‘உங்கம்மா என்னை டார்ச்சர் பண்றாங்க’ என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த வாக்கியத்தைக் கேட்ட மகன் உடனே அம்மாவுக்கு வக்கீலாகிவிடுவார். அண்டா விற்றதைச் சொல்லுங்கள், கார்டு யாரிடம் இருக்கிறது என்று சொல்லுங்கள், அவர் அனுப்பும் பணத்தில் இந்த மாதம் உங்கள் கைக்கு எவ்வளவு வந்தது என்று சொல்லுங்கள்.

கார்டு விஷயத்துக்குக் கோர்ட்டே வேண்டாம். கணக்கு உங்கள் பெயரில் இருக்கிறது. ஆதாரை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய் பழைய கார்டை முடக்கிப் புதியது கேளுங்கள், பதிவான ஃபோன் எண் உங்களுடையதா என்று பாருங்கள். யார் கையெழுத்தும் தேவையில்லை. ஆனால் கார்டு வேலை செய்யவில்லை என்று தெரிகிற அன்றைக்கு வீட்டில் சத்தம் வரும். அதனால் நீங்கள் தேவகோட்டையில் இருக்கிற ஒரு வாரத்தில் இதைச் செய்யுங்கள், அல்லது பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

விவாகரத்து வேண்டாம் என்று சொன்னதால்தான் காவல் நிலையத்தைவிட இந்த வழி உங்களுக்குப் பொருந்தும் என்கிறேன். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் யாரையும் உடனே கைது செய்ய மாட்டார்கள். இன்னதைச் செய்யாதே, இன்னதைக் கொடு என்று மாஜிஸ்ட்ரேட் உத்தரவு போடுவார். அதை மீறினால்தான் குற்றம், 1 ஆண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கல்யாண உறவு அப்படியே இருக்கும். மனு கொடுத்து 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட இழுக்கும், அதற்குத் தயாராக இருங்கள். அவசரம் என்றால் எதிர்த்தரப்பு வருவதற்கு முன்பே இடைக்கால உத்தரவு கேட்க 23ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. 498ஏ கதவு இதனால் மூடிவிடாது. ஆனால் அதற்குக் காலக்கெடு பொதுவாக 3 ஆண்டு. இந்தச் சட்டத்தின் கீழ் கொடுக்கும் மனுவுக்கு அப்படிக் காலக்கெடு எதுவும் இல்லை என்று 2022இல் காமாட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

என்ன கேட்பது என்பதையும் யோசித்து வையுங்கள். ‘டார்ச்சரை நிறுத்தச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் நீதிபதி எதை நிறுத்தச் சொல்வார்? சீர்ச்சாமான், நகை பட்டியல்படி என் கைக்கு வர வேண்டும், மாதம் இவ்வளவு ரூபாய் செலவுக்கு வேண்டும், வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது, குழந்தை பற்றிப் பேசக் கூடாது, எனக்குத் தனியாக அடுப்பு வேண்டும் என்று கேளுங்கள். கடைசியாகச் சொன்னது உங்களுக்கு அதிகப்படியாகத் தோன்றலாம். நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் ‘வேறு வைத்தல்’ என்று ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமான பிள்ளைக்கும் மருமகளுக்கும் அதே வீட்டுக்குள் தனி அடுப்பு, தனிப் பண்டபாத்திரம், அரிசி பருப்பு எல்லாம் கொடுத்துத் தனிக் கணக்காக வைத்துவிடுவார்கள். யாரும் அதைப் பிரிவினை என்று நினைப்பதில்லை. உங்கள் வீட்டில் அந்த வழக்கம் இருந்தால், ஏன் உங்களுக்கு மட்டும் நடக்கவில்லை என்பதே கேட்க வேண்டிய கேள்வி. இல்லாவிட்டாலும், சமரசப் பேச்சு என்று உட்காரும்போது மாமியார் தரப்புக்கும் கௌரவக் குறைச்சல் இல்லாத ஒரு வழி இது. நான் பார்த்த வரையில் சமையலறை பிரிந்த வீடுகளில் பாதிச் சண்டை தானாக அடங்கிவிடுகிறது.

இதைப் படிக்கிற மாமியார்கள் என்மேல் கோபப்பட வேண்டாம். பெரிய வீட்டில் ஒற்றை ஆளாக, மகன் பணம் அனுப்பாமல், மருந்துக்கு அடுத்தவர் கையை எதிர்பார்த்து இருக்கிற ஆச்சிகளும் என்னிடம் வருகிறார்கள். அவர்களுக்கு 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது, மனுவை ஆர்.டி.ஓ.விடம், அதாவது வருவாய்க் கோட்டாட்சியரிடம், கொடுக்க வேண்டும். அதைத் தனியாக இன்னொரு தடவை எழுதுகிறேன். அவர்களுக்கும் இதே யோசனைதான், மனுவில் ‘மருமகள் டார்ச்சர்’ என்று எழுதாதீர்கள்.

சகோதரி, எங்கே போவது என்று கேட்டிருந்தீர்கள். சிவகங்கையில் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். நீங்கள் சொல்வதைக் கேட்டுக் குடும்ப வன்முறைச் சம்பவ அறிக்கை என்ற படிவத்தை அவரே நிரப்பி மாஜிஸ்ட்ரேட்டுக்கு அனுப்புவார். அப்போது நோட்டைப் பார்த்துச் சொல்லுங்கள், மனப்பாடமாகச் சொல்ல வேண்டாம். எழுதியதைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ‘உடல்ரீதியாக’ என்று பழக்கதோஷத்தில் யாராவது சேர்த்திருந்தால் அந்தச் சொல்லை நீக்கச் சொல்லுங்கள். செட்டிநாட்டில் சில ஊர்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கின்றன, அந்த ஊர்ப் பெண்கள் புதுக்கோட்டைக்குப் போக வேண்டும். சிவகங்கை வரை போக வழியில்லை என்றால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டால் வழிகாட்டுவார்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே இலவச வக்கீல் வைக்கிறார்கள், சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு 15100 என்ற எண்ணில் பேசலாம். அம்மா வீட்டுக்கு வந்துவிட்டால் அங்கிருந்தும் மனு கொடுக்கலாம். தற்காலிகமாகத் தங்கியிருக்கிற ஊரின் கோர்ட்டுக்கும் இந்த வழக்கை விசாரிக்க அதிகாரம் உண்டு.

காவல் நிலையத்தில் கொடுத்த மனுவுக்கு சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது, வாங்கினீர்களா என்று எழுதவில்லை. வாங்கவில்லை என்றால் போய்க் கேளுங்கள், அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. புதிதாக எழுதும் மனுவில் பழைய மனுவின் தேதியையும் அவர்கள் சொன்ன பதிலையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள், கோபம் இல்லாமல். அப்புறம் சீர் நோட்டு கிடைத்ததா என்று எனக்கு எழுதுங்கள்.